நெய்த கம்பளியும் நெய்யாக் கம்பளியும்: கள்ளக்குறிச்சிக் குறும்பையாட்டு மயிரை முன்வைத்து

ஆட்டுமயிரைத் துணியாக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, நூலாகத் திரித்து நெய்வது. மற்றொன்று, நூற்காமலும் நெய்யாமலும் வெந்நீரும் சவர்க்காரமும் சேர்த்துப் பிசைந்து அழுத்தி இறுகச் செய்வது. பின்னதில் கிடைப்பதே ஃபெல்ட். ஐரோப்பியத் தொப்பிகளும் காசுமீர், கச்சுப் பகுதிகளின் நம்தா விரிப்புகளும் இவ்வாறு ஆனவை. மயிர் தரும் ஆடும் மயிர்த்தொழில் அறிந்த குடிகளும் இருந்தும் தமிழகத்தில் இரண்டாம் வழி ஏன் வேரூன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

கள்ளக்குறிச்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழகச் சமவெளி ஆட்டினங்களுள் மேச்சேரி, சென்னைச் சிவப்பு, கீழக்கரிசல், வேம்பூர் போன்ற பலவும் குறுமயிர் கொண்டவை. இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்படுபவை. கம்பளிமயிர் தருவன நீலகிரி, கோயம்புத்தூர், திருச்சி கருப்பு எனச் சிலவே. கருங்குறும்பை எனப்படும் திருச்சி கருப்பின் வாழிடமாகத் திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், தருமபுரிப் பகுதிகளோடு பழைய தென்னார்க்காட்டின் கள்ளக்குறிச்சி வட்டமும் கால்நடையியல் நூல்களில் சுட்டப்படுகிறது. 2019இல் தனி மாவட்டமான இந்நிலம், தமிழ்நாட்டுக் கம்பளி வரலாற்றில் ஓரமான இடமன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கல்வராயன் மலையின் மூன்று பழைய ஜாகீர்களுள் ஒன்று குரும்பக்கவுண்டன் பெயரால் வழங்கியது. பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு மலையாளிப் பழங்குடியினரைக் கம்பளி நெய்யும் குறும்பரோடு இணைத்துவிடக் கூடாது. மலையாளிகள் தம்மைக் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்களாகக் கூறும் மரபினர். அவர்தம் வாழ்வு மலைவேளாண்மை சார்ந்தது.

இலக்கியச் சான்றுகள்

மழையில் நிற்கும் இடையனின் உருவை நற்றிணையில் இடைக்காடனார் பாடல் ஒன்று (142) காட்டுகிறது. அவன் முதுகில் இருப்பது ஓலையால் ஆன பறி. உடன் வைத்திருப்பது தோல். கம்பளி அங்கு இல்லை. ஒரு பாடலின் மௌனத்தைக் கொண்டு அக்காலத்தில் கம்பளியே இல்லை எனத் துணிவது பொருந்தாது. எனினும் தலையையும் முதுகையும் மழையிலிருந்து காக்கும் வேலையை ஓலை செய்தது என்பது தெளிவு. சிலப்பதிகார ஊர்காண் காதை மதுரை அறுவை வீதியில் பருத்தி, பட்டு ஆகியவற்றோடு மயிராலான துணியையும் வைக்கிறது. அது மடித்து அடுக்கப்பட்ட துணி, இறுக்கிய தகடன்று.

பிற்கால இடையர் கம்பளியையோ சாக்கையோ ஒரு முனையில் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டனர். இதற்குக் கொங்காணி என்று பெயர். தமிழ்நிலத்துக் கம்பளித் தொப்பி எது எனக் கேட்டால், இதையே காட்டுவேன். வெயிலில் தோள்மேல் கிடப்பது, மழையில் தொப்பி, இரவில் படுக்கை. ஒரே துணி மூன்று வேலை செய்யும்போது தலைக்கென்று தனிப்பொருள் செய்யும் தேவை எழவில்லை. ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் எனச் சுட்டிய வழக்கும், தொப்பி இங்குப் பிறருடைய அடையாளமாகக் கருதப்பட்டதையே உணர்த்துகிறது.

வீட்டுக்குள் கற்ற தொழில்

1800–1801இல் பயணம் செய்த புக்கானனின் குறிப்புகளும், 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளும் குறும்பரையும் அவரோடு உறவுடைய குருபரையும் கம்பளி நெய்வோராகப் பதிவு செய்கின்றன. கத்தரித்த மயிரை வில்லால் அடித்துப் பஞ்சாக்குதல், நூற்றல், பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சியிடுதல், நெய்தல் என இத்தொழில் வீட்டிலும் வாசலிலும் நடந்தது. பெண்கள் நூற்க, ஆண்கள் நெய்தனர். பிள்ளைகள் உடனிருந்தே கற்றனர்.

மயிரடிக்கும் வில் கவனத்திற்குரியது. ஐரோப்பியத் தொப்பியாளரும் இதே கருவியால்தான் மயிரைப் பிரித்துப் படலமாக்கினர். முதற்படி இரண்டு தொழிலுக்கும் பொது. அதற்கடுத்தே பாதை பிரிகிறது. தொப்பியாளர் அப்படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நனைத்து, உருட்டி, அளவு சுருங்கும்வரை தேய்த்து, மரக்கட்டையில் மாட்டி ஆவியில் வடிவமைப்பர். மயிரிழையின் மேல் உள்ள நுண்செதில்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே இறுகலின் காரணம்.

முயல்மயிரை எளிதில் இறுகச் செய்யப் பாதரச உப்பைப் பயன்படுத்திய ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டறைகளில் தொழிலாளர் கைநடுக்கமும் மனக்குழப்பமும் உற்றனர். அமெரிக்கா இம்முறையை 1941இல்தான் கைவிட்டது. ஆட்டுக் கம்பளிக்கு அந்த நஞ்சு வேண்டியதில்லை. அதனாலேயே வீட்டு அடுக்களையில் இன்று பலர் கற்றுக்கொள்ளத்தக்க கைவினையாக அது இருக்கிறது.

கருங்குறும்பையின் மயிர் முரடானது. மென்மயிரில் செதில்கள் நெருங்கிப் புடைத்திருக்கும். முரட்டு மயிரில் அவை படிந்திருப்பதால் பிடிப்புக் குறைவு. அதைக் கொண்டு தடித்த விரிப்பு செய்யலாம். தலைக்கேற்ற மெல்லிய, வளையும் தகடு எளிதில் வாராது. நீலகிரி ஆட்டின் மென்மயிர் கலந்தால் நிலைமை மாறும். ஆனால் அவ்வாடு மேயும் மலையும் குறும்பை மேய்ந்த புன்செய்யும் தொலைவில் உள்ளன. ஆகவே, தமிழர் இக்கலையை அறியாதிருந்தனர் என்பதைவிட, கையிலிருந்த மயிருக்கு நெசவே உகந்ததாயிற்று என்பதே பொருத்தமான விளக்கம்.

வடிவக்கட்டை செதுக்கும் திறனுக்கு இங்குப் பஞ்சமில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பளிக்கோ அத்தகைய ஆதரவு வாய்க்கவில்லை. ஆலைப் போர்வைகள் வந்தபின் முரட்டுக் கம்பளியின் சந்தை சுருங்கிற்று. மயிருக்கு விலை குறைந்தபோது, இறைச்சிக்கான குறுமயிர் ஆட்டை நாடுவது இடையர்க்கு இலாபமாயிற்று. மயிர் கத்தரிக்கும் கூலிகூட மயிரின் விலையில் தேறாத நிலையில், கருங்குறும்பையை வளர்ப்போர் அதை வெட்டுவது ஆட்டின் உடல்நலத்துக்காகவே.