ஒரு ‘எஸ்’, மூன்று வேலைகள்

ஆங்கிலச் சொற்களின் கடைசியில் வரும் ‘எஸ்’ மூன்று வேலைகள் செய்கிறது. ‘கேட்ஸ்’ என்றால் பூனைகள், இது பன்மை. ‘கேட்ஸ் டெயில்’ என்றால் பூனையின் வால், இது உடைமை. ‘ஷி சிங்ஸ்’ என்றால் அவள் பாடுகிறாள், இது வினை.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டான்’ என்றால் கல். கற்களுக்கு ‘ஸ்டானஸ்’, கல்லின் என்பதற்கு ‘ஸ்டானெஸ்’. நாளடைவில் இரண்டு விகுதிகளும் தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டன. வேறு வகைப் பன்மைகள் பெரும்பாலும் மறைந்தன. ‘ஆக்ஸன்’, ‘சில்ட்ரன்’ போன்ற சில மட்டும் தங்கின. வினையில் வரும் ‘எஸ்’ வட இங்கிலாந்துப் பேச்சு வழக்கு. தெற்கே ‘எத்’ என்றார்கள். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அதைப் பார்க்கலாம். ஷேக்ஸ்பியர் இரண்டையும் எழுதினார்.

காதுக்கு ஒன்றாகிவிட்ட பன்மையையும் உடைமையையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது அபாஸ்ட்ரபி, அதாவது மேலே தொங்கும் கமா. ஒருமைக்கு அது 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் நிலைபெற்றது. பன்மைக்கு அடுத்த நூற்றாண்டில்.

‘ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்’ என்று எழுதிப் பாருங்கள். குறியை ‘எஸ்’ஸுக்கு முன்னால் போட்டால் சங்கம் ஒரே ஒரு குடியிருப்பவருக்குச் சொந்தம். பின்னால் போட்டால் நம் எல்லாருக்கும் சொந்தம். குறியே இல்லாமல் எழுதுவதும் இன்று வழக்கில் உண்டு. ஆனால் ‘கார்ஸ்’ போன்ற வெறும் பன்மைக்குக் குறி வேண்டாம். அடுத்த முறை லிஃப்டில் அறிவிப்பு ஒட்டும்போது, ‘யாருடையது?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இருந்தால் மட்டும் குறி போடுங்கள்.