பெயரிழந்த வாள்கள்: சித்தூர், திருப்பதிப் பகுதிப் படைக்கலங்களும் பழம்பொருள் சேகரிப்பும்

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைக் கூறும் புறநானூற்று 95ஆம் பாடல், படைக்கலச் சேகரிப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகும். தொண்டைமானின் கருவிகள் நெய் பூசப்பெற்று, பீலியும் மாலையும் சூடிக் காவல்மிக்க மனையில் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லன் பட்டறையில் கிடந்தன. பாடலின் குறிப்பு தொண்டைமானைப் பழிப்பது என்பதை உரைகாரர்கள் விளக்கியுள்ளனர். வரலாற்றாய்வாளர்க்குப் பயன்படுவதோ பழிக்கப்பட்ட அந்த மனைதான். பட்டறைக்குச் சென்ற இரும்பு மீண்டும் சான்றாக வருவதில்லை.

அத்தொண்டைநாட்டின் வடவெல்லையாகிய வேங்கடமும், அதன் தென்மேற்கில் அமைந்த சித்தூரும் பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியப் போர்களின் நடுக்களமாக விளங்கின. 1740 மே மாதத்தில் தாமலசெருவுக் கணவாயில் மராட்டியப் படையை எதிர்த்த ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் போரில் மாண்டார். 1780இல் பொள்ளிலூரிலும், 1781இல் சோளிங்கரிலும் ஹைதர் அலியின் படைகள் கம்பெனிப் படைகளோடு பொருதன. ஹைதர் அலி 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் இறந்தார். இப்போர்களுக்கு ஊடே வெங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகர் முதலிய பெரும் பாளையங்களும் சித்தூருக்கு மேற்கே பல சிறு பாளையங்களும் தத்தம் படைகளுடன் நிலைபெற்றிருந்தன. பாளையக்காரர் நவாபுக்குச் செலுத்தும் பேஷ்கஷ் ஒருபுறம். அழைக்கும்போது வீரர்களை அனுப்பும் கடமை மறுபுறம். வாள் இங்கு அணிகலனன்று. நிலவுரிமைக்கு ஈடான கடமையின் கருவி.

இக்கடமை முடிந்த காலத்தைத் தெளிவாகக் குறிக்க இயலும். 1801 ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டில், எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருந்தபோது, வெங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகர், சைதாபுரம் ஆகிய மேலைச் சமீன்களுக்கு நிலையான சன்னதுகள் வழங்கப்பட்டன. பாளையக்காரர் ஆற்றிவந்த படைப்பணி அப்போது பணமாக மதிப்பிடப்பட்டுப் பேஷ்கஷ் தொகையோடு சேர்க்கப்பட்டது. வருவாய் வரலாற்றில் சிறு குறிப்பாகக் கடந்து செல்லப்படும் இவ்வேற்பாடு படைக்கல வரலாற்றில் பெருந்திருப்பம் எனலாம். ஆயிரக்கணக்கான வாள்களின் பணி ஒரே எழுத்தில் ரூபாய்த் தொகையாயிற்று. சிறு பாளையங்கள் இதற்கு எளிதில் இணங்கவில்லை. 1804, 1805ஆம் ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர் நடத்திய கிளர்ச்சி படைகொண்டு அடக்கப்பட்டது. கட்டபொம்மனையும் மருதிருவரையும் விரிவாக எழுதிய தமிழ் வரலாற்று நூல்கள் இக்கிளர்ச்சிக்குப் போதிய இடம் தரவில்லை. 1953 வரை சித்தூர் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தது என்பதை நினைத்தால் இக்குறை மேலும் பெரிதாகத் தோன்றும்.

பணியிழந்த வாள் அரண்மனைக்குள் பூசைப் பொருளாயிற்று. தொல்காப்பியம் பாடாண் திணையில் கூறும் வாள்மங்கலத்தின் தொடர்ச்சியைப் பிற்கால ஆயுத பூசையில் காண்பது பொருந்தும். 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் படைக்கலங்களை வைத்திருப்பதையே உரிமத்துக்கு உட்படுத்தியது. 1948ஆம் ஆண்டுச் சென்னைச் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னர், பெரிய இல்லங்களைப் பேணும் வருவாயும் இல்லாமற் போயிற்று. பழம்படைக்கலங்கள் வணிகர் கைக்குச் செல்வதற்கான சூழல் இவ்வாறு படிப்படியாக உருவாயிற்று.

வணிகர் கைக்கு வரும் தென்னிந்திய வாளைப் படித்தறிவது எளிதன்று. அலகும் பிடியும் ஒரே காலத்தவையாகவோ ஒரே நாட்டினவாகவோ இருக்க வேண்டுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய வாளலகுகள் கடல்வழியே வந்து இந்தியப் பிடிகளில் பொருத்தப்பட்டன. ‘பிரங்கி’ என வழங்கிய இவ்வகை நேர்வாள்களைத் தமிழில் பறங்கி வாள் எனலாம். உள்நாட்டு அலகுகளில் சிறந்தவை மூசையில் உருக்கிய எஃகால் ஆனவை. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘உக்கு’ எனப்படும் இவ்வெஃகே ஐரோப்பியர் நூல்களில் ‘வூட்ஸ்’ என்ற பெயரால் புகழ்பெற்றது. இவ்வெஃகில் நீரோட்டம் போன்ற இயல்பான வரிகள் தோன்றும். அமிலத்தால் பொய்வரி தீட்டப்பட்ட அலகுகளும் சந்தையில் உண்டு. இந்திய வாள்களில் பிடியை அலகோடு பற்றவைப்பது பெரும்பாலும் அரக்கு. அதனை இளக்கிப் பிடியை மாற்றுவது ஒரு நாழிகை வேலை. பளபளப்புக்காக அலகைத் தேய்ப்பதுதான் இவற்றுள் மிகக் கொடிய செயல். துருவோடு சேர்ந்து எழுத்தும் போய்விடுகிறது.

எழுத்தின் இன்றியமையாமையை ஆதோனிச் சான்று விளக்கும். இன்றைய ஆந்திரத்தின் மேற்கிலுள்ள ஆதோனிக் கோட்டை 1689இல் வீழ்ந்தபின், பிகானேர் மன்னர் அனூப் சிங் அங்குக் கிடைத்த படைக்கலங்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பிகானேர்ப் படைக்கல அறையில் அவற்றின்மீது புள்ளிகளால் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அவ்வறையிலிருந்து வெளியேறி உலகின் பல சேகரிப்புகளில் சிதறிய பின்னரும், ஆதோனியின் பெயரையும் ஆண்டையும் அக்கருவிகள் தாங்கியுள்ளன. கொள்ளைப் பொருளே ஆயினும் கணக்கர் ஒருவரின் புள்ளியுளி அதன் ஊரைக் காத்துவிட்டது.

தஞ்சையில் நேர்ந்தது இதற்கு மாறானது. 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் இறந்தபின் அரண்மனைப் படைக்கலங்கள் ஆங்கில அரசின் வசமாயின. தெரிந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அலுவலர் 1878இல் ‘இந்தியன் ஆண்டிக்குவரி’ இதழில் இப்படைக்கலச் சாலையைப் பற்றி எழுதினார். ஔவையார் கண்ட கொல்லன் பட்டறை போரின் அடையாளம்; இப்பட்டறையோ போரே இன்றி நிறைந்தது. தப்பியவற்றுள் சில ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்னும் அமெரிக்கச் சேகரிப்பாளர் வாயிலாக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. சென்னைச் சேகரிப்பை ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது.

இதனால் எதிர்பாராத விளைவொன்றும் ஏற்பட்டது. நன்கு ஆராயப்பட்ட தென்னகப் படைக்கலத் தொகுதி தஞ்சையுடையதே ஆதலின், அவ்வமைப்பை ஒத்த பிடியோ குத்துவாளோ எங்குக் கிடைப்பினும் அதற்குத் ‘தஞ்சாவூர்’ என்றே பெயரிடும் வழக்கம் விற்பனையாளரிடம் பரவியுள்ளது. விசயநகர மரபு சந்திரகிரிக்கும் தஞ்சைக்கும் பொது. அவ்வரசின் இறுதித் தலைநகரங்களுள் ஒன்றாகிய சந்திரகிரி திருப்பதிக்கு மிக அண்மையில் இருக்க, அங்கு வடித்த வாள் ஒன்று தஞ்சைப் பெயரில் விலைபோவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அமைப்பை மட்டும் கொண்டு ஊர்ப்பெயர் சூட்டுவது ஏற்கத்தக்கதன்று.

சட்டமும் இதற்குத் துணைசெய்யவில்லை. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த, பழைமை மதிப்புள்ள படைக்கலங்களுக்கு விலக்களிக்கிறது. 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த வாள் தொல்பொருளாகும். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. உரிமம் பெற்றவரே அதனை வணிகம் செய்யலாம். அவர் பதிவேடும் வைத்தல் வேண்டும். சட்டத்தின் நோக்கு வாளின் வயதின்மேல் இருக்கிறது. அது எந்தப் பாளையத்தினது என்னும் வினா வாங்குவோரின் ஆர்வத்தையே சார்ந்து நிற்கிறது.

பெயருடைய வாளுக்குச் சந்தை தரும் மதிப்பு அண்மை ஆண்டுகளில் வெளிப்பட்டது. திப்பு சுல்தானின் படுக்கையறை வாள், 1799இல் திருவரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் தளபதி டேவிட் பெயர்டுக்கு வழங்கப்பட்டது. 2023 மே 23ஆம் நாள் இலண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்குமேல் விலைபோயிற்று. செருமானிய அலகைப் பின்பற்றி வடிக்கப்பட்ட எஃகுக்கு அவ்விலை இல்லை. அதன் உரிமைத் தொடர் அறுபடாமல் இருந்ததற்கே அவ்விலை.

சித்தூர்ப் பகுதிக்கு இதனினும் நெருங்கியது நாகபுரிப் போன்சலே வாளாகும். 2025 ஏப்ரலில் இலண்டன் சோதபீஸ் ஏலத்தில் மராட்டிய மாநில அரசு ஏறத்தாழ 47 இலட்சம் ரூபாய்க்கு இவ்வாளைப் பெற்றது. ஆகஸ்டில் அது மும்பை வந்தடைந்தது. ஐரோப்பிய அலகின்மீது ஸ்ரீமந்த் ரகுஜி போன்சலே, சேனாசாகிப் சுபா என்ற பெயரும் பட்டமும், ‘பிரங்க’ என்னும் வாள்வகைப் பெயரும் தேவநாகரியில் பொறிக்கப்பட்டுள்ளன. 1740இல் தாமலசெருவில் தோஸ்த் அலியை வென்ற படையின் தலைவர் இந்த ரகுஜியே. அவர் வாள் இக்கணவாயைக் கண்டதோ இல்லையோ, அதனை வாங்க ஓர் அரசு முன்வந்ததற்கு அலகிலுள்ள சில எழுத்துகளே காரணம். அக்கணவாயைச் சுற்றி வாழ்ந்த பாளையக்காரரின் வாள்கள் எழுத்தின்றி விற்பனைப் பட்டியலில் வரும்போது, ‘தென்னிந்தியா, 18ஆம் நூற்றாண்டு’ என்ற இரு குறிப்புகளுடன் முடிந்துவிடுகின்றன.

வாள்கள் வெளியேறினாலும் பாளையக்காரரின் நினைவு வட்டார வழக்கில் தங்கியுள்ளது. திருப்பதித் தாதய்யகுண்டக் கங்கம்மன் ஜாத்திரை ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழ்கிறது. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனைத் தேவி பல வேடங்களில் தேடியலைவதும், இறுதியில் துரை வேடம் பூண்டு அவனை வெளியே வரச்செய்து தலையை அறுப்பதும் அவ்விழாவின் கதை. வேடம் புனைவோர் கைகாலக் குடும்பத்து ஆடவர். ஊரார் நோக்கில் பாளையக்காரன் கிளர்ச்சி வீரனல்லன், கொடியவன் என்பது அரசு ஆவணங்களிலோ விடுதலைப்போர் நூல்களிலோ கிடைக்காத மூன்றாவது சான்று. அக்கதையிலும் அவனுக்குத் தனிப்பெயர் இல்லை; ‘பாளேகாடு’ என்பதே அவன் பெயர்.