தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை: கட்டணம் முழுமை, வாழ்க்கைச் செலவுக்கு பற்றாக்குறை

புதுதில்லி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற விரும்பும் பட்டியலின மாணவர்களுக்காக மத்திய அரசு 1954-55ஆம் ஆண்டு முதல் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தைச் செயல்படுத்தி வருகிறது. கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே செலுத்தும் இத்திட்டத்தில், மாணவரின் தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கான பராமரிப்புத் தொகை மட்டும் அந்நாடுகளின் விலைவாசிக்கு வெகுவாகப் பின்தங்கியுள்ளது.

மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம் இத்திட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் 125 இடங்களை ஒதுக்குகிறது. இவற்றில் 115 இடங்கள் பட்டியலினத்தவருக்கும், 6 இடங்கள் சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கும், 4 இடங்கள் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் மற்றும் பாரம்பரியக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கும் உரியவை. மொத்த இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் 35 வயதுக்கு உட்பட்டவராகவும், தகுதித் தேர்வில் குறைந்தது 60 சதவீத மதிப்பெண் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கியூஎஸ் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள கல்வி நிறுவனம் ஒன்றில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் பெற்றிருப்பதும் அவசியம்.

பராமரிப்புத் தொகையாக பிரிட்டனில் பயில்வோருக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டும், அமெரிக்கா உள்ளிட்ட பிற நாடுகளில் பயில்வோருக்கு 15,400 டாலரும் வழங்கப்படுகிறது. விமானக் கட்டணம், விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றையும் அரசு ஏற்கிறது. புத்தகம், ஆய்வுப் பயணம், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டமைத்தல் போன்றவற்றுக்காக 1,100 பவுண்டு அல்லது 1,500 டாலர் தனியே அளிக்கப்படுகிறது. இது படிப்புச் செலவுக்கானது, வாடகைக்கு உரியதன்று.

பிரிட்டனுக்கான தொகையை 12 மாதங்களுக்குப் பகுத்தால் மாதம் 825 பவுண்டு கிடைக்கும். மாணவர் விசா கோருவோர் லண்டனில் தங்குவதாயின் மாதம் 1,483 பவுண்டும், லண்டனுக்கு வெளியே தங்குவதாயின் 1,136 பவுண்டும் வாழ்க்கைச் செலவுக்காக, அதிகபட்சம் ஒன்பது மாதங்களுக்குக் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு நிர்ணயித்தது. லண்டனுக்கு வெளியே என்றாலும் ஒன்பது மாதங்களுக்கு இது 10,224 பவுண்டு ஆனது. அதாவது, ஓராண்டு முழுமைக்கும் இந்தியா அளிக்கும் தொகை, ஒன்பது மாதங்களுக்குத் தேவை என்று பிரிட்டன் கருதும் தொகையைக்கூட எட்டவில்லை. அரசு உதவித்தொகை பெறுவோர் வங்கி இருப்புக்குப் பதிலாக அதற்கான கடிதத்தைச் சமர்ப்பிக்க இயலும். ஆனால் வீட்டு உரிமையாளர் கடிதத்தை வாடகையாக ஏற்பதில்லை.

பற்றாக்குறையை ஈடுகட்ட மாணவர் கூடுதலாக ஈட்டுவதற்கும் வரம்பு உண்டு. ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணியின் மூலம் ஆண்டுக்கு 1,560 பவுண்டு அல்லது 2,400 டாலர் வரை ஈட்டலாம். அதற்கு மேல் ஈட்டினால், அந்த அளவுக்குப் பராமரிப்புத் தொகை குறைக்கப்படும். வரம்பு வரை ஈட்டினாலும் பிரிட்டனில் பயிலும் மாணவரின் கையிருப்பு மாதம் 955 பவுண்டுதான். வசதியுள்ள குடும்பமாயின் எஞ்சியதை அனுப்பிவைக்கும். வருமான வரம்பை வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்களிடம் அதை எதிர்பார்ப்பது முரணானது. உள்ளூரில் பிணை நிற்க ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவரிடம் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கமும் பிரிட்டனில் இருந்துவந்துள்ளது.

பணம் தீர்ந்ததால் படிப்பு இடையில் நின்றுபோவது புதிதன்று. 1913இல் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையில்தான் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் லண்டனில் பயின்றுகொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்ததால், 1917இல் அவர் படிப்பைப் பாதியில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. மும்பையில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணத்துடன், கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜின் உதவியும் நண்பரின் கடனும் கிடைத்த பிறகே 1920இல் அவரால் மீண்டும் லண்டன் செல்ல முடிந்தது.

தேர்வு பெறுவதோடு உறுதியும் கிடைத்துவிடுவதில்லை. 2025-26ஆம் ஆண்டுக்கு 106 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்படும் என்றும், மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே கடிதம் அளிக்கப்படும் என்றும் அமைச்சகம் தெரிவித்தது. இடங்கள் 125 என்றிருப்பினும், அவற்றுக்கான நிதி உரிய காலத்தில் ஒதுக்கப்படாவிடில் அந்த எண்ணிக்கை காகிதத்தில் மட்டுமே நிற்கும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான கெடு அதுவரை காத்திருப்பதுமில்லை.

பாடத் தெரிவிலும் கட்டுப்பாடு உள்ளது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூகவியல் ஆய்வுகள் ஆகியவற்றுக்கு 2022 முதல் இந்த உதவித்தொகை கிடையாது. சாதி குறித்து வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்பும் பட்டியலின மாணவருக்கு இவ்வழி அடைபட்டுள்ளது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய பழங்குடியினர் விவகார அமைச்சகம் தனித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதில் ஆண்டுக்கு 20 இடங்கள் மட்டுமே உள்ளன. அவற்றில் 3 இடங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடியினருக்கானவை. சிறுபான்மையின மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்துவந்த ‘படோ பர்தேஷ்’ திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுள்ளது.