ஐம்முனைச் சேரியும் அகழ்வுச் சான்றும்

பழைய குடியிருப்பு ஒன்று இருந்த இடத்தே புதுக் கட்டடம் எழுப்பப்படும் முன்னர், அம்மண்ணுள் மறைந்து கிடப்பனவற்றை அகழ்ந்து பதிவு செய்தல் பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு வரும் முறையாகும். இம்முறையால் வரலாற்றுக்கு விளையும் பயன் யாது என்பதனை, நியூயார்க்கு நகரில் 1991-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி ஒன்றைக்கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில் தெருக்கள் சில கூடி ஐந்து முனைகளாய்ப் பிரிந்த இடம் ‘பைவ் பாயிண்ட்ஸ்’, அஃதாவது ஐம்முனை, என வழங்கிற்று. அதன் அருகே ‘கலெக்ட்’ என்னும் நன்னீர்க் குளம் இருந்தது. தோல் பதனிடுவோர் முதலியோர் விட்ட கழிவால் அது கெட்டமையின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூர்க்கப்பட்டது. தூர்த்த நிலம் ஈரம் நீங்காது தாழவே, பொருளுடையார் அகன்றனர். கூலித் தொழிலாளர் குடிபுகுந்தனர். கறுப்பின மக்களும், 1845-இல் தொடங்கிய பஞ்சத்தால் அயர்லாந்தை விட்டு வந்தோரும், ஜெர்மானியரும், யூதரும் அங்கு நெருங்கி வாழ்ந்தனர்.

இச்சேரியைப்பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுட் பல வெளியார் எழுதியவை. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் காவலர் துணையுடன் இங்குச் சென்று, தம் பயண நூலில் இதனை அருவருப்புக்குரிய இடமாகக் காட்டினார். செய்தித்தாள்களும் சமயத் தொண்டரும் இங்கு வாழ்ந்தோரைக் குடியரென்றும் ஒழுக்கமற்றவரென்றும் குறித்தனர். அவர் கூற்றே நெடுங்காலம் வரலாறாகவும் நின்றது. அங்கு வாழ்ந்தோர் தம்மைப்பற்றித் தாமே எழுதிவைத்தவை மிகச் சில.

அவ்விடத்தின் ஒரு பகுதியில் ஐக்கிய அமெரிக்க நாட்டு நடுவணரசு புதிய நீதிமன்றம் கட்ட முற்பட்டது. அரசுத் துறைகள் தாம் மேற்கொள்ளும் பணியால் வரலாற்றுச் சிறப்புடைய இடங்களுக்கு நேரும் விளைவை முன்னரே ஆராய்தல் வேண்டும் என்பது அந்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படியே அகழ்வு நிகழ்ந்தது. வீடுகளின் பின்புறத்தே இருந்த கழிப்பிடக் குழிகள், நீர்த்தொட்டிகள் முதலியன தோண்டப்பட்டன. ஏறத்தாழ 8,50,000 பொருள்கள் வெளிப்பட்டன. இவற்றை ஆராய்ந்த குழுவிற்கு ரெபெக்கா யாமின் என்னும் அறிஞர் தலைமை தாங்கினார்.

பயன்பாடு ஒழிந்த குழிகளைக் குடியிருந்தோர் குப்பையிட்டு மூடினர். அக்குப்பையிற் கிடந்த பீங்கானின் முத்திரை, புட்டியின் வடிவு ஆகியவற்றால் அது மூடப்பட்ட காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம். அக்காலத்து மக்கட்கணக்குப் பதிவோடும் வரிப் பதிவோடும் ஒப்பிட, அவ்வீட்டிற் குடியிருந்தோர் யாவர் என்பதும் புலனாகும். இவ்வாறு ஆராய்ந்தபோது வெளிப்பட்டவை, வெளியார் தீட்டிய சித்திரத்தோடு முற்றும் பொருந்தவில்லை. அயர்லாந்துக் குடிகளின் வீடுகளில் இங்கிலாந்தில் வனைந்த தேநீர்க் கிண்ணங்களும் தட்டுகளும் இருந்தன. அவர்கள் இறைச்சியும் உண்டனர். மதுவிலக்கைப் பரப்பிய அயர்லாந்துத் துறவி தியோபால்டு மாத்யூவின் உருவம் பொறித்த கிண்ணமும் ஒன்று கிடைத்தது. தையற்றொழில் செய்தோர் விட்டுச்சென்ற ஊசிகள், பொத்தான்கள், துணித்துண்டுகள் அவர்தம் உழைப்பைக் காட்டின. 1850-இல் தோன்றிய குடியேறியோர் சேமிப்பு வங்கியின் பதிவேடுகளும், இச்சேரியினர் பலர் சிறுகப் பொருள் சேர்த்தமையைத் தெரிவிக்கின்றன.

எனினும், பழைய கூற்று முழுதும் பொய்யென்று கொள்வதும் பிழையாகும். பரத்தையர் இல்லம் ஒன்றின் குழியில் பச்சிளங் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. வறுமையும் துயரமும் அங்கு இருந்தமை மெய்யே. மேலும், ஒரு குழியிற் கிடந்த பொருளெல்லாம் அவ்வீட்டாருடையனவே என்று துணிதற்கும் இல்லை. அயலார் இட்ட குப்பையும் கலந்திருத்தல் கூடும். ஆதலின், மண்தரும் சான்றையும் எழுத்துச் சான்றைப்போலவே ஐயுற்று ஆராய்ந்து கொள்ளல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் பின்வரலாறு நம் கருத்தை ஈர்ப்பது. முழு அறிக்கை 2000-ஆம் ஆண்டு பல தொகுதிகளாக நிறைவுற்றது. பொருள்களோ உலக வாணிக மையத்தின் ஆறாம் எண் கட்டடத்து நிலவறையில் வைக்கப்பெற்றிருந்தன. 2001 செப்டம்பர் 11-இல் அம்மையம் தாக்குண்டு வீழ்ந்தபோது அவை அழிந்தன. கண்காட்சிக்காக இரவல் தரப்பட்டு வேறிடத்திருந்த 18 பொருள்களே எஞ்சின.

மூல ஏடு அழிந்தபின் அதன் படியே மூலமாகக் கொள்ளப்படுதல் சுவடி ஆராய்வார் நன்கு அறிந்தது. ஐம்முனைச் சேரிக்கும் அந்நிலையே நேர்ந்தது. பொருள் கிடந்த இடம், அடுக்கு, உடன்கிடந்தவை ஆகியன அன்று குறிக்கப்பெறாதிருப்பின், அங்கு வாழ்ந்தோரைப்பற்றி டிக்கன்ஸ் முதலியோர் கூற்றே மீண்டும் தனிச்சான்றாய் நின்றிருக்கும். அகழ்தல் என்பதே ஓரிடத்தைக் கலைத்தலாகும்; ஒருமுறை அகழ்ந்ததனை மறுமுறை அகழ இயலாது. ஆதலின், கட்டடப் பணிக்கு முன் நிகழும் அகழ்வில் பொருளைத் திரட்டுதலினும் பதிவைத் திருத்தமுறச் செய்து விரைந்து வெளியிடுதலே முதற்கடன் என யாம் கருதுகின்றோம். எழுதிவைக்கும் வாய்ப்பின்றி மறைந்த எளிய மக்களின் வரலாறு அப்பதிவையே சார்ந்து நிற்கின்றது.