விரல்கள் குறைந்தது ஏன்?

எங்கள் நெய்வேலியில் சுரங்கம் பார்க்க வருகிறவர்கள் முதலில் வியந்து நிற்பது, மண்ணை வாரும் ராட்சத எந்திரங்களைக் கண்டுதான். பெரிய சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள் பொருத்திய இந்த எந்திரங்களில் பெரியவை ஆயிரம் டன்னுக்கும் அதிகமான எடையுள்ளவை. ஆயினும் அவை மண்ணில் புதைந்துவிடுவதில்லை. அகன்ற இரும்புச் சங்கிலிப் பட்டைகள் அந்த எடையைப் பெரும் பரப்பில் பகிர்ந்துவிடுகின்றன. ஆனால் ஒரு சிறு முள் நம் காலில் எளிதாக ஏறிவிடுகிறது. அழுத்தம் என்பது விசையை மட்டும் பொறுத்ததன்று. அந்த விசை விழும் பரப்பையும் பொறுத்தது.

பள்ளி மாணவரும் அறிந்த இந்த எளிய விதி, மனித குலம் நெடுங்காலமாகக் கொண்டிருந்த ஒரு தவறான எண்ணத்தைத் தகர்க்கத் துணை புரிந்தது. அது நடந்த இடம், அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

கைகுலுக்கலில் பிறந்த ஆராய்ச்சி

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். 1940-களில் மருந்தும் வந்தது. ஆனால் மடங்கிப்போன கைகளையும், குறைந்துபோன விரல்களையும், பாதத்தில் ஆறாத புண்களையும் மருந்தால் சரிசெய்ய முடியவில்லை. இந்நோயில் சதை தானாகவே அழுகி விழுகிறது என்றே மக்கள் நம்பினர். மருத்துவர்களில் பலரும் அவ்வாறே எண்ணினர். அழுகும் சதையில் கத்தி வைப்பதால் பயன் என்ன என்று அறுவை மருத்துவர்கள் ஒதுங்கி நின்றனர்.

1946-இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார் பால் பிராண்ட் என்னும் இளம் அறுவை மருத்துவர். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, அங்கிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேனிடம், "இந்தக் கைகள் ஏன் இப்படி மடங்குகின்றன?" என்று கேட்டார். அதைக் கண்டறிய வேண்டியவர் எலும்பு மருத்துவரான நீங்கள்தாம் என்று அவர் பதிலளித்தார்.

பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். சோர்ந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி பொறுக்க முடியவில்லை. அவ்வளவு வலிமையான பிடி! அப்படியானால் அந்தக் கையில் நல்ல தசைகளும் இருக்கின்றன என்பது தெளிவாயிற்று.

காரணம் நரம்புகளில் இருந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்கு வளரக்கூடியது. ஆகவே தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்புகளையே அது மிகுதியாகத் தாக்குகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்கிறதே, அந்த நரம்பு இவற்றுள் ஒன்று. அது கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. ஆனால் முன்கையிலுள்ள பெரிய தசைகள் பல நலமாகவே இருக்கும். எனவே சமநிலை குலைந்து விரல்கள் மடங்குகின்றன.

இதை அறிந்த பிராண்ட், நலமாக உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு இடம் மாற்றிப் பொருத்தினார். கிணற்றுக் கயிற்றை வேறோர் உருளையின் வழியே திருப்பிவிடுவது போன்றது இது. முதல் அறுவை 1948-இல் நடந்தது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

பூட்டும் சாவியும்

இத்துடன் கதை முடியவில்லை. கை நிமிர்ந்தவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. முன்போல் பிச்சையும் விழவில்லை. ஆகவே அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்றுத்தரக் கல்லூரி வளாகத்திலேயே சிறு குடில்கள் அமைக்கப்பட்டன. அங்கே அவர்களை நாள்தோறும் உடனிருந்து கவனித்தபோதுதான் பேருண்மை வெளிப்பட்டது.

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. அவனோ அதை உணரவேயில்லை.

சாவியின் விளிம்பு மிகக் குறுகலானது. நாம் பலமாகத் திருப்பினால் அந்தச் சிறு பரப்பில் அழுத்தம் பன்மடங்கு பெருகி வலிக்கிறது. உடனே பிடியைத் தளர்த்துகிறோம். நம்மைத் தடுப்பது தசையின் பலவீனமன்று, வலிதான். உணர்ச்சியற்ற விரலுக்கோ அந்தத் தடை இல்லை.

அது முதல் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். அடுப்பிலிருந்து எடுத்த சூடான பாத்திரம், சுத்தியலின் சொரசொரப்பான பிடி எனக் காரணங்கள் அகப்பட்டன. இரவில் விரலின் ஒரு பகுதியே காணாமற்போனதன் காரணமும் அகப்பட்டது. உறங்குகிறவர்களின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்திருந்தன! பூனைகள் வளர்க்கப்பட்டன, அந்தத் தொல்லை நின்றது. சதை தானாக அழுகவில்லை. காவல் இல்லாத வீடுபோல் அது பாழாயிற்று.

செருப்பு என்னும் மருந்து

பாதப் புண்ணுக்கும் இதே விளக்கம்தான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது எடை 100 சதுர சென்டிமீட்டரில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோதான் வரும். அதுவே 5 சதுர சென்டிமீட்டரில் குவிந்தால் 12 கிலோ; அதாவது 20 மடங்கு! நாம் நெடுந்தூரம் நடக்கையில் அறியாமலே அடிவைக்கும் விதத்தை மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நசுங்கிப் புண்ணாகிறது. ஆகவே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரில், பாதத்தின் வடிவத்துக்கேற்ற செருப்புகளை வேலூரிலும், 1955-இல் அருகிலுள்ள கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் செய்தார்கள். நெய்வேலி எந்திரத்தின் அகன்ற பட்டை செய்யும் வேலையைத்தான் அச்செருப்பும் செய்தது. இன்று நீரிழிவால் பாத உணர்வு இழந்தவர்களுக்கும் இதே முறை உதவுகிறது.

இக்கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். அவரே பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். உடல் ஊனமுற்றோர் மறுவாழ்வுக்கான மருத்துவத் துறையை வேலூரில் வளர்த்த அவருக்கு 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1980-களில் கூட்டு மருந்து முறை வந்தபின் தொழுநோய் முற்றிலும் குணமாக்கக்கூடியதாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. தோலில் உணர்ச்சியற்ற, நிறம் மங்கிய படை தோன்றினால் உடனே காட்டுவதே அறிவுடைமை. வலிக்கவில்லையே என்று சும்மா இருப்பதுதான் ஆபத்து.

விரல் குறைந்த ஒருவரைக் கண்டு இன்றும் ஒதுங்கிச் செல்கிறவர்கள் உண்டு. அந்தக் கையை நோய் தின்னவில்லை. வலியின் காவலை இழந்த பிறகும் அது ஓயாமல் உழைத்திருக்கிறது. இந்த உண்மையை அறிந்தபின் நாம் ஒதுங்குவதற்குக் காரணம் ஏது?