சுத்தியலைத் தேடப் போய்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கிணற்றிலாவது குடம் விழுந்துவிட்டால் கோடி வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். பாதாளக் கரண்டி அங்கேதான் இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் சில சமயம் குடத்துக்குப் பதில், என்றோ காணாமல் போய், மருமகள் தலையில் பழி விழக் காரணமான வெண்கலச் செம்பு மேலே வரும். அந்த வீட்டுச் சரித்திரத்தையே அன்று திருத்தி எழுத வேண்டியதாகிவிடும்!

இங்கிலாந்தில் சஃபோக் ஜில்லாவைச் சேர்ந்த ஹாக்ஸன் கிராமத்தில் 1992 நவம்பர் 16ஆம் தேதி நடந்ததும் இந்த மாதிரி சமாசாரம்தான். குடியானவர் ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸிடம் உதவி கேட்டார். லாஸ் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது அவருக்குப் பரிசாக வந்தது, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று. நீண்ட கம்பு, அதன் நுனியில் ஒரு தட்டு, தட்டுக்குள் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாயும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் புலம் கலங்கும். கருவி குரல் கொடுக்கும். அந்த நாட்டில் ஓய்வு நாட்களில் இதை ஏந்திக்கொண்டு வயல் வயலாகத் திரிவது பலருக்குப் பொழுதுபோக்கு. பெரும்பாலும் அகப்படுவது ஆணியும் பித்தானும்தான்.

அன்று லாஸுக்கு அகப்பட்டவை வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், நாணயங்கள். இரண்டு பைகள் நிரம்பிவிட்டன. மண்ணுக்குள் இன்னும் நிறைய இருப்பதும் தெரிந்தது. அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? என்னைப் பற்றி நான் உத்தரவாதம் தர மாட்டேன். லாஸ் தோண்டுவதை நிறுத்தினார். நிலத்துக்குச் சொந்தமான ஜில்லா சபைக்கும் போலீஸுக்கும் செய்தி போயிற்று.

மறுநாள் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்து, மண்ணைக் கலைக்காமல் தோண்டினார்கள். 14,865 ரோமானிய நாணயங்கள். சுமார் 200 தங்க, வெள்ளிச் சாமான்கள். இவற்றை வைத்திருந்த ஓக் மரப்பெட்டி மக்கிப் போயிருந்தது. ஆனால் சாமான்கள் வைத்தது வைத்தபடியே இருந்ததால், பெட்டிக்குள் சின்னப் பெட்டிகள் இருந்ததும், அவற்றுக்கு வெள்ளியில் குட்டிப் பூட்டுகள் போட்டிருந்ததும், கிண்ணங்கள் உராயாமல் நடுவே வைக்கோல் வைத்து அடுக்கியிருந்ததும் தெரிய வந்தன. திரும்பி வருவோம் என்று நம்பிய யாரோ பொறுமையாக அடுக்கியது அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசி நாணயங்கள் கி.பி. 408ஐ ஒட்டியவை. பிரிட்டனில் ரோமாபுரி ஆட்சி கலைந்துகொண்டிருந்த சமயம். புதைத்தவர் திரும்பி வரவே இல்லை. ஒரு தங்கக் காப்பில், ஜூலியானா என்ற சீமாட்டி அதைச் சுகமாக அணியட்டும் என்ற வாழ்த்து பொறித்திருக்கிறது. எத்தனை நாள் அணிந்தாளோ! நாலு மிளகுச் செப்புகளும் இருந்தன. ஒன்று, அலங்காரம் செய்துகொண்ட ஒரு பெருமாட்டியின் வடிவில் இருக்கிறது. அந்தக் குளிர் நாட்டில் மிளகு விளையாது. நம் தென்னாட்டு மேற்கு மலைச் சரிவில் விளைந்த சரக்கு, கடல் கடந்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை வரையில் போயிருக்கிறது.

புதையலுக்கு 17,50,000 பவுன் விலை மதித்தார்கள். லாஸ் அந்த வெகுமதியைக் குடியானவரோடு பங்கிட்டுக்கொண்டார். அன்று அவர் நிறுத்தாமல் தோண்டியிருந்தாலும் தங்கத்தின் எடை குறைந்திருக்காது. வைக்கோலும் மக்கின மரமும் மட்டும் மண்வெட்டியோடு போயிருக்கும். அடுக்கி வைத்த அந்தக் கையும் அவற்றோடு போயிருக்கும்.

சுத்தியலும் அகப்பட்டது. அதையும் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கி வைத்துக்கொண்டது. குடியானவர் வேறு சுத்தியல் வாங்கியிருப்பார். வாங்க வசதியும் வந்துவிட்டதல்லவா!