ஆறாம் வருஷத்துக் கோப்பு

அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்றில் உதவிப் பேராசிரியராக அமர்ந்தவர், ஐந்து வருஷ காலம் பாடம் சொல்லியும் ஆராய்ச்சி நடத்தியும் கழித்துவிட்டு ஆறாவது வருஷத்தில் அடியெடுத்து வைக்கும்போது, தம் வாழ்க்கைக் குறிப்பு, அச்சேறிய நூல்களும் கட்டுரைகளும், இனிச் செய்யக் கருதும் ஆராய்ச்சியைப் பற்றிய விளக்கம், மாணாக்கர் எழுதிக்கொடுத்த மதிப்பீடுகள் ஆகிய யாவற்றையும் திரட்டி ஒரு கோப்பாகக் கட்டிச் சமர்ப்பிக்க வேண்டும். வேறு சர்வகலாசாலைகளிலுள்ள அறிஞர்கள் அந்தரங்கமாக எழுதியனுப்பும் அபிப்பிராயக் கடிதங்களும் அதனோடு சேரும். பெரும்பாலும் அவை அவர் கண்ணில் படுவதில்லை. துறையிலுள்ள மூத்தோர், கல்லூரிக் குழு, டீன், தர்மகர்த்தர் சபை என்று படிப்படியாக ஏறிச் செல்லும் அந்தக் கோப்பு நல்ல முடிவோடு திரும்பினால், ‘டென்யூர்’ என்று அங்கே வழங்கும் நிரந்தர நியமனமும் பதவி உயர்வும் சாதாரணமாக ஒருங்கே கிடைக்கும். இல்லையேல், பின்னும் ஒரு வருஷம் பணி செய்துவிட்டு வேறிடம் தேட வேண்டியதுதான். ஆசிரியரைச் சோதிப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து வகுத்த ஏற்பாடு போல இது தோன்றினாலும், ஆசிரியரைக் காப்பதற்காகத் தொடங்கிய ஒரு முயற்சியே காலகதியில் இந்தச் சோதனையாக உருக்கொண்டது என்பது இதன் சரித்திரத்தைப் புரட்டுபவருக்குப் புலப்படும்.

19ஆம் நூற்றாண்டின் கல்லூரிகளில் கோப்பும் இல்லை, குழுவும் இல்லை. ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் தர்மகர்த்தர் சபையின் சித்தம். உள்நாட்டுப் போருக்குப் பின்னர், தந்தியிலும் ரெயில்பாதையிலும் எண்ணெயிலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர்களின் பொருளால் கார்னெல், ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ முதலிய சர்வகலாசாலைகள் எழுந்தபோது, கொடுத்தவர் மனம் கோணாமல் பேச வேண்டிய நிர்ப்பந்தமும் ஆசிரியருக்கு உடன் எழுந்தது. ஜெர்மனிக்குச் சென்று கற்று, அங்கே பேராசிரியருக்கிருந்த போதனா சுதந்திரத்தைக் கண்டு திரும்பிய இளைஞர்கள், தாய்நாட்டில் தங்களுக்குக் கிடைத்த பேராசிரியர் நாற்காலி ஒரு கம்பெனிக் குமாஸ்தாவின் முக்காலியைவிட உறுதியானதல்ல என்பதை விரைவிலேயே உணர்ந்தார்கள்.

இந்த அதிருப்திக்குப் பெயரும் முகமும் கொடுத்தது 1900இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த விவகாரம். ரெயில்பாதை அதிபர் லீலண்டு ஸ்டான்ஃபோர்டு 1893இல் காலஞ்சென்ற பின், அவருடைய மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டே சர்வகலாசாலையின் சர்வாதிகாரங்களையும் கையில் வைத்திருந்தார். அங்கே சமூகவியல் கற்பித்த எட்வர்டு ராஸ், வெள்ளி நாணயக் கிளர்ச்சியை ஆதரித்தவர். நகரத்து டிராம் வண்டிகளை நகரசபையே ஏற்று நடத்த வேண்டும் என்று மேடையேறிப் பேசியவர். ஆசியாவிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறுவதையும் வன்மையாக எதிர்த்தவர். ஸ்டான்ஃபோர்டின் செல்வத்துக்குக் காரணமான ரெயில்பாதையோ சீனத் தொழிலாளர் உழைப்பால் அமைந்தது. அம்மையார் சினந்தார், தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன் சில காலம் சமாதானம் சொல்லிப் பார்த்தும் பயனின்றி, 1900 நவம்பரில் ராஸ் வெளியேற்றப்பட்டார். சீனரையும் ஜப்பானியரையும் பற்றி ராஸ் பேசிய பேச்சு இனத் துவேஷம் நிறைந்ததென்பதை மறைப்பதற்கில்லை. ஆசிரிய சுதந்திரத்தின் முதல் தியாகியாகப் பலர் கொண்டாடுபவரிடம் இந்தக் களங்கமும் இருந்தது என்பதைச் சரித்திரம் எழுதுபவர்கள் சிலர் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். எனினும், வழக்கின் சாரம் அவர் பேசிய பொருளில் இல்லை. பேசியது சரியா தவறா என்பதை ஒரு தனிநபரின் விருப்பம் தீர்க்கலாமா என்பதில் இருந்தது. ராஸின் நீக்கத்தைக் கண்டித்துத் தம் வேலையைத் துறந்தவர்களுள் ஆர்தர் லவ்ஜாய் என்னும் தத்துவ ஆசிரியரும் ஒருவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அந்த லவ்ஜாயும் தத்துவ அறிஞர் ஜான் டூயியும் முன்னின்று, 1915ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை நிறுவினார்கள். டூயி அதன் முதல் தலைவர். லவ்ஜாய் முதல் காரியதரிசி. அவ்வருஷக் கடைசியில் சங்கம் வெளியிட்ட பிரகடனம், பேராசிரியரும் இணைப் பேராசிரியரும், பத்து வருஷம் பணி செய்த பிறரும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றும், விசாரணையின்றி எவரையும் நீக்கலாகாது என்றும் கோரியது. ஆனால் அதே பிரகடனத்தில் இன்னொரு வாதமும் இருந்தது: தகுதியற்றவரைத் தம் கூட்டத்திலிருந்து விலக்க ஆசிரியர்கள் தாமே முன்வராவிட்டால், அந்தக் காரியத்தை வெளியார் செய்வார்கள். ‘எங்களை நீங்கள் எடைபோட வேண்டாம்’ என்று தர்மகர்த்தர்களிடம் சொன்னவர்கள், ‘நாங்களே ஒருவரையொருவர் எடைபோட்டுக்கொள்கிறோம்’ என்று உடன் வாக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆறாம் வருஷத்துக் கோப்புக்கு வித்து அந்த வாக்கில்தான் இருக்கிறதென்று நான் கருதுகிறேன்.

வித்து முளைத்தது பொருளாதார மந்த காலத்தில். ஹார்வர்டில் வால்ஷ், ஸ்வீஸி என்ற இரு இளம் பொருளாதார ஆசிரியர்களுக்கு 1937இல், இதுவே கடைசி நியமனம் என்று இரண்டு வருஷத் தவணை கொடுத்தபோது, இருவரும் ஆசிரியர் தொழிற்சங்கத்தில் முன்னணியில் நின்றவர்களாதலால், பெரும் சர்ச்சை மூண்டது. அதை ஆராய அமர்ந்த எண்மர் குழு, இளையோரை எத்தனை காலம் தற்காலிகமாக வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கே வந்து சேர்ந்தது. ஹார்வர்டின் தலைவர் கோனன்ட் ஏற்படுத்திய விதிப்படி, ஒரு குறித்த காலத்துக்குள் ஒருவர் மேலேற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும். 1940இல் பேராசிரியர் சங்கமும், நிர்வாகங்களின் சார்பில் நின்ற அமெரிக்கக் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட கொள்கை அறிக்கை, சோதனைக் காலம் ஏழு வருஷத்துக்கு மேற்படலாகாது என்றும், வேண்டாதவரிடம் ஒரு வருஷம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்றும் விதித்தது. ஏழிலே ஒன்றைக் கழித்தால் ஆறு; பரிசீலனை ஆறாம் வருஷத்தில் நிகழ்வதற்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு ரகசியம் இல்லை. இளையோரை முடிவின்றித் தொங்கவிடாமல் காக்க வந்த விதி, அவர்களுக்கு ஒரு தீர்ப்பு நாளையும் குறித்துவிட்டது.

காப்பு எப்போதும் காத்ததென்றும் சொல்ல முடியாது. கம்யூனிஸ்டு பீதி பரவிய 1949இல் வாஷிங்டன் சர்வகலாசாலை, நிரந்தரம் பெற்ற மூவரையே நீக்கியது. மறு வருஷம் கலிபோர்னியாவில், விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

கோப்பின் உள்ளே இருப்பவையும் ஒரே நாளில் வந்தவையல்ல. மாணாக்கரிடம் ஆசிரியரைப் பற்றிக் கேட்கும் மதிப்பீட்டுத் தாளை 1920களில் பர்டியூ சர்வகலாசாலையின் மனோதத்துவ அறிஞர் ரெம்மர்ஸ் வகுத்தபோது, ஆசிரியர் தம் கற்பித்தலைச் செம்மை செய்துகொள்ள உதவுவதே அதன் நோக்கம்; பிற்காலத்தில் அதுவே சாட்சியமாகக் கோப்பில் ஏறிற்று. ‘நூல் வெளியிடு அல்லது அழிந்து போ’ என்ற கசப்பான வாசகம், லோகன் வில்சன் 1942இல் எழுதிய நூலிலேயே காணப்படுகிறது. யுத்தத்துக்குப் பின் மாணாக்கர் வெள்ளமாய் வந்து ஆசிரியர் பஞ்சம் நிலவியவரை பரிசீலனை இலேசாகவே இருந்தது. 1970களில் வேலைகள் சுருங்கியதும் அது இறுகிவிட்டது. ஆராய்ச்சி மட்டுமே புலமையாகாது, கற்பித்தலும் புலமையே என்று கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990இல் வாதாடியதன் விளைவாகக் கற்பித்தல் சான்றுகள் கோப்பில் பெருகின. ஆராய்ச்சிப் பகுதி குறைந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக வந்தவை நீதிமன்றங்கள். 1972ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் வழங்கியது: விஸ்கான்ஸினில் ஒரு வருஷத் தவணையில் இருந்தவருக்குக் காரணம் கேட்கும் உரிமை இல்லை என்றது ஒன்று, டெக்ஸாஸில் பத்து வருஷம் பணி செய்து, நிரந்தரம் என்று எண்ணிக்கொள்ள இடம் இருந்தவருக்கு அதை நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது மற்றொன்று. பின்னர், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் நிரந்தரம் மறுக்கப்பட்ட ஒரு பெண்மணி, பாரபட்சம் நேர்ந்ததென்று முறையிட்டபோது, அந்தரங்கக் கடிதங்களை விசாரணை அதிகாரிகளுக்குக் காட்ட முடியாது என்று சர்வகலாசாலை வாதித்தது. 1990 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. அதன் பின்பும் வெளியார் கடிதம் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு இது ரகசியமாக வைக்கப்படும் என்ற வாசகம் மட்டும், கடிதம் வேண்டி எழுதும் தபால்களில் இப்போது இடம்பெற்றிருக்கிறது.